என் பெயரில் மூன்று நாள்

மே 8, வியாழன்

கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே மொட்டைமாடித் தரை சுடுகிறது. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

மதினியும் ஹரிணியும் தேனியிலிருந்து வந்து இன்றோடு இரண்டாம் நாள். மதினி என் வீட்டுக்காரருடைய அக்கா. ஹரிணி அவர் மகள், பதிமூன்று முடிந்துவிட்டது. மதினியின் வீட்டுக்காரர் கடையை விட்டுவிட்டு வரவில்லை. ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் திரும்புகிறார்கள். அதற்குள் பார்க்க வேண்டியவை, ஹரிணி சொல்லச் சொல்ல எழுதியது:

கடல்.
மெட்ரோ ரயில்.
மறுபடியும் கடல்.

மதினிக்கு ஒன்றே ஒன்றுதான், பட்டு. மகள் இன்னும் பெரிய மனுசி ஆகவில்லை. ஆனால் சடங்குக்கு மண்டபம் பார்த்தாகிவிட்டது. பேருந்து நிலையத்தில் எந்த இடத்தில் பிளெக்ஸ் வைப்பது என்றுகூட முடிவாகிவிட்டது. சேலைதான் பாக்கி. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிற கதை.

மாம்பலம் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி தி.நகர். பெரிய கடை, மூன்றாம் மாடி, ஏசிக் குளிர். மதினி சேலைகளைப் புரட்டிக்கொண்டிருக்க, ஹரிணி என் முந்தானையை இழுத்தாள். பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். முகம் வெளுத்திருந்தது. கூடவே போனேன். உள்ளே அவள், வெளியே நான். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு கதவு ஒரு விரல்கடை திறந்தது.

"அத்தை, வந்துருச்சு."

என் கைப்பையில் எப்போதும் ஒரு நாப்கின் கிடக்கும். எடுத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள், எனக்கு வேலை இல்லை. சுடிதாரில் சின்னக் கறை. அவள் துப்பட்டாவையே இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டேன். அம்மாவிடம் போவோம் வா என்றேன். கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று.

"சொன்னா இன்னைக்கே காரு பிடிச்சு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க அத்தை. பதினாறு நாள் மூலையில உக்காரணும். கடல் பாத்துட்டுச் சொல்றேனே."

ஒரு வயதில் திருச்செந்தூரில் மொட்டை போட்டபோது கடலைப் பார்த்தவள். அது எந்தக் கணக்கில் சேர்த்தி? சரி, ஞாயிறு வரைக்கும் என்றேன். யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

திரும்பி வந்தால் மதினி ஒரு அரக்குப் பட்டை விரித்து வைத்திருக்கிறார். மகள் தோளில் போட்டுத் தள்ளி நின்று பார்த்தார். கல்யாணமா என்று கடைக்காரர் கேட்டார். சடங்குக்கு, இன்னும் நாள் வரவில்லை என்றார் மதினி. ஹரிணி தரையைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மாலை. மெடிக்கல் ஷாப்பில் இரண்டு பாக்கெட். வழக்கம்போலப் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில். வீடு முழுக்க ஒரே ஒரு பாத்ரூம், மதினிக்குக் கழுகுக் கண். ஆகவே சாப்பாட்டு நேரத்தில் அறிவித்துவிட்டேன், எனக்கு இன்று வீட்டுக்கு விலக்கு என்று. என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். போன வாரம்தானே என்று தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் ரசத்தை எடுத்துத் தானே ஊற்றிக்கொண்டார்.

மே 9, வெள்ளி

வெயில். காற்றே இல்லை. ஆபீசில் சொல்லியிருந்த லீவில் இரண்டாம் நாள்.

மதினி வந்தால் மட்டும் இந்த வீட்டில் விலக்கு பார்ப்பது வழக்கம். சமையலறைப் பக்கம் போகக்கூடாது, விளக்கைத் தொடக்கூடாது, பின்னறையில் பாய். காலை பதினொரு மணிக்குப் படுத்திருக்கிறேன். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில், காய்ச்சல் இல்லாமல், இந்த நேரத்தில் படுத்தது இன்றுதான். பச்சைத் திரை வழியாக வெளிச்சம் வந்து அறையே குளத்துக்கு அடியில் இருக்கிறது. காபி கைக்கு வருகிறது. நிஜமாகவே வயிற்றுவலிக்காரி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். பாவம் பிடிக்கும்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். "ஹரிணி, அத்தைக்குக் கால் அமுக்கி விடும்மா" என்று உரக்கக் கூப்பிடுவது. வந்து பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டு சுற்றி வயிற்றில் வைத்துக்கொள்ளக் கொடுத்தேன். எத்தனை மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், எப்படிச் சுருட்டிப் போட வேண்டும், எல்லாம் குசுகுசுவென்று. இது மாதாமாதம் இப்படித்தான் வலிக்குமா என்று கேட்டாள். சில மாதம் மறந்தே போகும், சில மாதம் ஆளை அடிக்கும் என்றேன். பொய் சொல்லவில்லை.

கீழே தெருவில் யாரோ: "லாரி வந்துக்கினு கீது, குடத்த எடுத்தா சீக்கிரம்." எழுந்து ஓட வேண்டியவள் நான். மதினி போய்ப் பிடித்து வந்தார்.

மத்தியானம் மதினி உளுந்தங்களி கொண்டுவந்தார். கருப்பட்டி, நடுவில் குழி, குழி நிறைய நல்லெண்ணெய். என் ரசத்தில் பதினைந்து வருடமாகக் குற்றம் கண்டுபிடிப்பவர் கையால். வாசல்நிலையில் சாய்ந்து நின்றார்.

"எனக்குக் கல்யாணமான புதுசுல யாரும் ஒரு வாய் களி கிண்டித் தரல. நீ சாப்பிட்டுப் படு. நான் பாத்துக்கிறேன்."

அவர் போனதும் கிண்ணத்தை ஹரிணி பக்கம் தள்ளினேன். வழித்துச் சாப்பிட்டாள். விரலையும் நக்கினாள்.

பிறகு இரண்டு பேரும் தூங்கிப்போனோம். கனவில் கடல் மாடிப்படி ஏறி வந்தது, மெதுவாக, செருப்புகளை நனைக்காமல். விழித்தபோது சுவரில் மாமரத்தின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. மணி என்ன, என்ன கிழமை என்று கொஞ்ச நேரம் தெரியவே இல்லை. தெரியாமலே கிடந்தேன்.

மே 10, சனி

மெட்ரோ முடிந்தது. ஒரே ஸ்டேஷன் தூரம். அவளுக்கு அதுவே போதுமாம்.

மாலை மயிலாப்பூர். கோயிலுக்குள் நான் போக முடியாது, என் பெயரில்தான் விலக்கு. தெப்பக்குளத்தருகே உட்காருகிறேன் என்றேன். ஹரிணியைக் கூப்பிட்டார் மதினி. அத்தை தனியாக இருப்பார்கள் என்று சொல்லிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். இப்படிப் பாசமா என்று மதினி சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

குளத்தில் தண்ணீர் பாதி. புறா, மல்லிகை வாசனை, சைக்கிள் மணி. கோபுரம் தண்ணீரில் தலைகீழாக நின்று நடுங்கியது. ஹரிணி என் தோளில் சாய்ந்தாள். ஒரு மணிநேரத்தில் பேசியது நான்கு வார்த்தை இருக்கும்.

மதினி குங்குமத்தோடு வந்தார். மகள் நெற்றிக்குக் கை கொண்டுபோனார். வேர்க்கிறது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதினி குங்குமத்தைப் பேப்பரில் மடித்துக்கொண்டார். என் காதருகே சொன்னார்:

"சீக்கிரம் பெரிய மனுசி ஆகணும்னு வேண்டிட்டு வந்திருக்கேன். கூடப் படிக்கிற பிள்ளைக எல்லாம் ஆயிருச்சு. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு இது தெரியாது. மண்டபம், பட்டு, பிளெக்ஸ் எல்லாம் வெறும் ஜம்பம் என்று நினைத்திருந்தேன். ஆட்டோவில் வரும்போது சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். ஹரிணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. மனசு சரியில்லை.

மே 11, ஞாயிறு

எடுத்துவைத்தது: மாற்று உடை, கருநீல பேண்ட், நாப்கின் 3, துண்டு, மாங்காய், உப்பு-மிளகாய்ப் பொட்டலம்.

நாலாம் நாள், அவளுக்கு அநேகமாக நின்றுவிட்டது. முட்டி வரைக்கும்தான் இறங்க வேண்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும் என்று சொல்லிவைத்தேன். ஐந்து மணிக்கு ஆட்டோ. "நாலு பேரு கீறீங்க, அட்ஜஸ் பண்ணிக் குந்துங்க" என்றார் ஓட்டுநர். அடையாறு தாண்டியதும் காற்று மாறியது. ஹரிணி பேச்சை நிறுத்திவிட்டாள்.

பெசன்ட் நகர் கடற்கரை. செருப்பைக் கழற்றக்கூட இல்லை, ஓடினாள். ஓரத்தில் போய் நின்றுவிட்டாள். அலை வந்து காலைத் தொட்டுவிட்டுப் போனது. அப்படியே நின்றாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது எனக்கு. போதும், இதற்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இருந்தது.

வீட்டுக்காரர் சுண்டல் வாங்கப் போனார். மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மகள் பக்கத்தில் இறங்கினார். ஒரு அலை அவரை உட்காரவைத்தது. எழுந்தார், மறுபடி உட்காரவைத்தது. மதினி சிரித்தார். சின்னப் பிள்ளை மாதிரி, வாய் மூடாமல். நான் பார்த்ததில்லை. ஹரிணியும் பார்த்ததில்லை போலிருக்கிறது. அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள்.

மதினி அவள் கையைப் பிடித்து இரண்டு எட்டு கரைக்கு இழுத்தார். பிறகு நின்றுவிட்டார். என்னிடம் வந்தார்.

"வியாழக்கிழமையேவா?"

ஆமாம் என்றேன்.

"மூணு நாளா எம் பக்கத்துலதான் படுத்திருந்தா." சேலை நுனியைப் பிழிந்துகொண்டே, "அப்ப அந்தக் களி?"

"அவதான் மதினி சாப்பிட்டா. பூராவும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, ஈரச் சேலையோடு மணலில் உட்கார்ந்தார். ஹரிணியும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நிலா முக்கால்வாசிக்கு மேல், மஞ்சளாக, கடலை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கே இடமில்லை. தள்ளி நின்றேன். ஒரு பிள்ளைக்குக் கடலைக் காட்டப்போய் ஒரு தாயின் பொழுதை எடுத்துக்கொண்டேன். அது எனக்கு வியாழக்கிழமையே தோன்றியிருக்க வேண்டும்.

அவர் நான்கு பொட்டலம் சுண்டலோடு வந்தார், ஏன் எல்லாரும் இப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபடி. பஸ் ஏறும்வரை மதினி என்னோடு பேசவில்லை. ஹரிணி மட்டும் ஜன்னல் வழியே கையை நீட்டினாள்.

மே 12, திங்கள்

வானம் மூடியிருக்கிறது. மழைக்கு வழியில்லை. சமையலறை மறுபடி என் தலையில்.

ஒன்பது மணி, வீட்டுக்காரருக்குப் போன். ஸ்பீக்கரில் மதினி. முறைப்படி தாய்மாமனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

"தம்பி, உன் மருமக பெரிய மனுசி ஆயிட்டா. இன்னைக்குக் காலையில, ஏழரைக்கு."

குரலில் ஒரு தடுமாற்றம் வேண்டுமே, இல்லை. இவருக்குக் கண் கலங்கிவிட்டது, துண்டைத் தேடினார். ஜோசியர் இனி திங்கட்கிழமை நட்சத்திரத்துக்குப் பலன் எழுதுவார். எழுதட்டும்.

போன் என் கைக்கு வந்தது. முதல் தண்ணீர் அத்தைக்காரிதான் ஊற்ற வேண்டும், புதன்கிழமை வந்துவிடு என்றார் மதினி. அழைப்பு சொல்கிற குரல். வருகிறேன் என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

"வியாழக்கிழமை என்ன நடந்துச்சு? ஒண்ணுவிடாமச் சொல்லு. அழுதாளா?"

அடுப்பை அணைத்தேன். தரையில் உட்கார்ந்து, நீங்கள் அந்த அரக்குப் பட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் மதினி என்று ஆரம்பித்தேன்.