இருவருக்கு எடுத்த அறை

விதின்,
ஏப்ரல் 14

அன்பு மகள் ரலிட்சாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் டப்ளினிலிருந்து நீ "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டதும் "நல்லாயிருக்கேன்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு பேச்சு வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கென்று ஜனவரியிலேயே நீ பதிவு செய்திருந்த சோஃபியா ஹோட்டலுக்குப் போய்விட்டு நேற்று முன்தினம் திரும்பினேன். அம்மாவை அடக்கம் செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, நாற்பது நாள் துக்கம் முடிவதற்குள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டான் என்று எங்கள் கட்டடத்து மாடிப்படி முழுக்கப் பேச்சு. கீழ்வீட்டு பென்கா அக்கா நேராகவே கேட்டாள்: "ஏன்டா நெதெல்கோ, உனக்கு வெட்கமா இல்ல?" இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை. வெட்கம், பசி, குளிர் எதுவும் எனக்கு இப்போது சரியாகத் தெரிவதில்லை. பதிவை ரத்து செய்ய முடியாது, போய் வந்தால் ஒரு மாறுதலாக இருக்கும் என்று நீ சொன்னாய். ரயிலேறினேன், அவ்வளவுதான்.

அறை ஐந்தாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் விதோஷா மலை, உச்சியில் இன்னும் பனி கிடக்கிறது. பெரிய கட்டில், இரண்டு தலையணை, இரண்டு ஜோடி வெள்ளைச் செருப்பு. இந்த ஹோட்டலில் உன் அம்மா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். காலையில் படுக்கையை அப்படியே கலைத்துப் போட்டுவிட்டு எழுந்து போக வேண்டும் என்பாள். கல்யாணமான புதிதில் சோஃபியா போனபோது அவள் அத்தை வீட்டுச் சமையலறைத் தரையில்தான் படுத்தோம். அத்தை அடுப்பு மூட்ட வருமுன் எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட வேண்டும். இந்த முறை ஹோட்டலில் நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்ததும் அவள் பக்கம், என் பக்கம் இரண்டையும் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, தலையணைகளைத் தட்டி வைத்தேன். அறையைப் பெருக்க வந்த பெண் சிரித்தாள். "என்னங்க ஐயா, என் வேலைக்கே உலை வைக்கிறீங்களே!" அந்த ஒரு ஆசையைக்கூட நான் கெடுத்துவிட்டேன்.

ஊரையும் பார்த்தேன். கண் பார்த்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். தங்கக் கும்மட்டக் கோயிலில் உனக்கொன்று, அம்மாவுக்கொன்று என இரண்டு மெழுகுவர்த்தி வாங்கினேன். இரண்டையும் உயிரோடிருப்பவர்களுக்கான மேல்தட்டிலேயே ஏற்றிவிட்டேன். இறந்தவர்களின் மணல் தட்டுக்குக் குனிய என் முதுகு ஒத்துழைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

கல்யாண நாள் மாலை, நீ மேஜை ஒதுக்கி வைத்திருந்த உணவகத்துக்குப் போகிற வழியில் ஒரு பூக்கடை. எத்தனை பூ என்றாள் கடைக்காரி. ஐந்து துலிப் என்றேன். இத்தனை வருஷமும் அம்மாவுக்கு வாங்கியது ஐந்துதானே. "அஞ்சா? அப்ப நல்ல சமாச்சாரம்தான்! வீட்டுக்காரம்மாவுக்கா? கொடுத்துவெச்ச மகராசி!" என்று சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்தாள். உணவகத்தில் பரிமாறுகிறவர் அந்தப் பூக்களைக் குவளையில் போட்டு எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்தார். "அம்மா வர லேட்டாகுமா, ஐயா?" என்றார். "வந்துடுவா" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பக்கத்து மேஜைக்காரர் வேறு, "எங்க வீட்டம்மாவும் அப்படித்தான், அவங்க கிளம்பி வர்றதுக்குள்ள ஹோட்டலையே சாத்திடுவாங்க" என்று கண்ணடித்தார். நானும் சிரித்தேன். இரண்டு சூப் வந்தது. அம்மாவின் சூப் ஆறிப்போகவும், எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது முறை ஆறியபோது அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

நேற்று, சோஃபியாவிலிருந்து கையோடு கொண்டுவந்த அந்த ஐந்து பூக்களையும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். பென்கா அக்காவும் கூட வந்தாள். அங்கே எண்ணிப் பார்த்தவள் கத்திவிட்டாள். "அட கிறுக்கா, ஒத்தப்படையில கொண்டாந்திருக்கியே! அது உயிரோட இருக்கிறவங்களுக்கு. செத்தவளுக்கு ரெட்டப்படையா வெக்கணும்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா?" என்று ஒன்றை உருவப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, வயதானவள், மணிக்கட்டு சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். ஐந்தையும் திருப்பி வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டேன். அம்மாவின் ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

மே ஒன்றாம் தேதி நாற்பதாம் நாள். படைக்க வேண்டிய கோதுமையைத் தானே வேகவைப்பதாக பென்கா அக்கா சொல்லிவிட்டாள், இன்னும் என் முகம் பார்த்துப் பேசவில்லை என்றாலும். அடக்கத்துக்கு வந்த நீ இரண்டாம் நாளே ஓட வேண்டியிருந்தது. இப்போது மறுபடி விடுப்பு கேட்டால் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் கொடுக்க மாட்டார்கள் என்றாய். "பரவாயில்லம்மா" என்றேன். அதுவும் என் வாய் சொன்னதுதான்.

கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். எப்படியாவது ஒரு நாளைக்கு வந்துவிட்டுப் போ, மகளே. வேறு எதுவும் கொண்டுவர வேண்டாம். வருகிற வழியில் பூ மட்டும் வாங்கிக்கொள். கடைக்காரியிடம் ஆறு என்று நீ சொல். எனக்கு அந்த எண் வாயில் வர மாட்டேன் என்கிறது.

உன் அப்பா,
நெதெல்கோ