அசலில் இல்லாத சுழிகள்

இன்னும் கோபம் ஆறாத உனக்கு,

பென்சிலில் எழுதுகிறேன். இந்தப் பழைய புத்தக அறைக்குள் பேனா கூடாதாம். நாலு தடவை எழுந்து ஜன்னல்வரை நடந்துவிட்டேன், நூலகர் அம்மா முறைக்கிறார்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆங்கில நாடகத்தின் அசலை இன்றுதான் கையில் வாங்கினேன். கல்யாணமான புதிதில் அதன் ஜெராக்ஸ் நம் சாப்பாட்டு மேஜையில் கிடக்குமே! அதில் மனைவி பேசும் வரிகளுக்குப் பக்கத்தில் வால் முளைத்த குட்டிச் சுழிகள் இருந்தன. அந்தக் காலத்து வாசகர் யாரோ போட்டவை என்று ஒரு புத்தகமே எழுதி, பேராசிரியரும் ஆகிவிட்டேன்.

அசலில் ஒரு சுழிகூட இல்லை.

"எல்லாப் பக்கமும் சுத்தமா இருக்கு சார்," என்றார் நூலகர், நல்ல சேதி சொல்வதுபோல.

பிறகு பர்ஸைத் துழாவினேன். நீ உன் தங்கை வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள் எழுதித் தந்த மளிகைச் சீட்டு இருந்தது. மறக்கக் கூடாத சாமானுக்கு எதிரே அதே வால் முளைத்த சுழி.

"நான் பேசறது காதுல விழுதா?" என்று நாடகத்தில் அந்த மனைவி கணவனைக் கேட்கும் இடத்தில் மூன்று சுழி. அந்த வாசகரின் தனிமையைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினேன். புத்தகம் வந்த அன்று நீ அட்டையைப் பார்த்துச் சிரித்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நாளை கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன், மானம் போனால் போகட்டும். முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அந்தச் சீட்டில் சுழி போட்டதையும் வாங்கி வராதவன்