லென்ஸுக்கு வைத்த பொட்டு

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

சபாக்கிலிருந்து மதியம் வந்து சேர்ந்தோம். வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் தொடை மரத்துப்போயிற்று. கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் கடையை மூடுகிறார், அவரிடம் வாங்கிய பழைய ஜூம் லென்ஸ். ஐம்பதிலிருந்து முந்நூறு வரை போகும். முழுக்க உலோகமும் கண்ணாடியும், இரண்டு கிலோவுக்குமேல் இருக்கும். வீட்டுக்காரர் புனிதன் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது லென்ஸா, சமையல் கேஸ் தோங்கா?" என்றார். லோரி ஓட்டுகிற மனுஷன், செம்பனைக் குலை ஏற்றி இறக்குகிறவர், அவருக்கே கை இறங்கிவிட்டது.

குண்டன் என்று பெயர் வைத்துவிட்டேன். காற்றுப் புகாத அரிசி வாளியில் மற்ற லென்ஸ்களோடு அவனையும் வைத்தாயிற்று. இந்த ஊர் ஈரத்தில் வெளியே வைத்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை பூத்துவிடும்.

ஒரே வளையம்தான். திருப்பினால் ஃபோக்கஸ், முன்னும் பின்னும் இழுத்தால் ஜூம். தலையைக் கீழே சாய்த்தால் வளையம் தானாகச் சரிந்து இறங்குகிறது. எங்கள் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ரப்பர் கையுறை ஒன்றின் மணிக்கட்டுப் பகுதியை வெட்டி மாட்டினேன், நின்றுவிட்டது. எங்கள் கையுறை இதற்காவது உதவியதே.

சரணுக்குப் படம் அனுப்பினேன். ராவாங்கில் ஆபீஸ் வேலை, ஞாயிறானால் கோல சிலாங்கூரில் என்னோடு பறவை எடுக்க வருகிறவன். உடனே பதில்: "அக்கா, அம்மிக்கல்ல தூக்கிக்கிட்டா வரப் போறீங்க? இப்ப உள்ள லென்ஸெல்லாம் பறவையோட கண்ண அதுவே தேடிப் பிடிக்குதுலா."

அதுவே தேடிப் பிடித்தால் அப்புறம் நான் எதற்கு? வாரம் முழுக்க எந்திரம் சொல்கிற வேகத்தில் கையுறையில் ஓட்டை தேடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையாவது நான் திருப்பினால்தான் ஒன்று தெளிய வேண்டும்.

குண்டனில் ஒரு கருடன். தண்ணீருக்குப் பாயும் கணத்தில், கண் துல்லியமாக. எடுத்தே தீருவேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

ஆற்றங்கரைப் படகுத்துறை. சுற்றுலாப் படகுக்காரர்கள் கோழித்தோலை வீச, கருடன்கள் கூட்டமாக இறங்கின. மாலை முழுக்க எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. பின்னால் இருக்கும் கண்டல் மரத்தின் இலைகள் தெளிவாக இருக்கின்றன, கருடன் பஞ்சுப் பொதி.

புது லென்ஸ், கை பழகவில்லை. வேறொன்றும் இல்லை.

1 அக்டோபர், புதன்

எழுதும்போதே தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்.

ஆயுத பூஜை. புனிதன் காலையிலேயே லோரியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு வந்தார். அதுவரை சரி. நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் சாமி மேடைக்கு முன்னால் என் லென்ஸ்கள் வரிசையாக நிற்கின்றன, ஆளுக்கொரு பூவோடு. மூடியெல்லாம் கழற்றி, முன் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். குண்டனுக்குப் பெரிய பொட்டு. பெரியவர் அல்லவா.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? கண்ணாடியிலயா வைப்பாங்க?"

"அதான் கண்ணு மாதிரி இருக்கு. நெத்தி எதுன்னு தெரியல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "உன் ஆயுதம் இதானே. லோரிக்கு மட்டும் வெச்சா உனக்கு மனசு சங்கடமா இருக்குமேன்னு..."

கத்திவிட்டேன். பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். மேல்பூச்சு போயிடும்னு தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நான் உங்க லோரி என்ஜின்ல மஞ்சத்தண்ணி ஊத்தினா சும்மா இருப்பீங்களா? அவர் வாசலுக்குப் போய் லோரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுண்டலை யாரும் தொடவில்லை.

2 அக்டோபர்

துடைத்தேன். ஊதி, பஞ்சால் ஒற்றி, மறுபடி துடைத்தேன். போனது போலவும் இருக்கிறது, போகாதது போலவும் இருக்கிறது.

12 அக்டோபர், ஞாயிறு

மறுபடியும் படகுத்துறை, மறுபடியும் பஞ்சு. குண்டனில் மட்டும் இல்லை, என்னிடம் ஏற்கெனவே இருந்த எழுபது-இருநூற்றுப் பத்து லென்ஸிலும் அப்படியே. அதற்கும்தான் பொட்டு வைத்தாரே.

சரண் தன் கேமராவை நீட்டினான். "ஒரு தடவ இதுல எடுத்துப் பாருங்கக்கா, சும்மா ஆசைக்கு." வேண்டாம் என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. பாவம், அவன்மேல் என்ன தப்பு.

வீட்டில் சோறு, குழம்பு, சாவி. இவ்வளவுதான் பேச்சு. சமையலறையில் பெரிய பல்பு மாட்டியிருக்கிறார், நான் கேட்காமலே. லஞ்சம். இதற்கெல்லாம் மசிகிற ஆள் நான் இல்லை.

18 அக்டோபர், சனி

ராவாங் போய் லிம்மைப் பார்த்தேன். பழைய கேமரா பழுது பார்க்கிற கிழவர். முன் வளையத்தைக் கழற்றி, விளக்கில் பிடித்துப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்றார். சந்தனம் வைத்த கதையைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு குண்டனை என் கேமராவிலேயே மாட்டி, எதிர்க் கடையின் பலகையை எடுத்துக் காட்டினார். எழுத்தின் ஓரத்தில் பெயிண்ட் உரிந்திருப்பது வரைக்கும் தெரிந்தது. என்னை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பஞ்சு.

மலாயில் மெதுவாகத்தான் சொன்னார். கண்ணாடியில் கறை இருந்தால் படம் முழுக்க மங்கும். இலை தெளிவாக விழுந்து பறவை மட்டும் மங்குகிறது என்றால் லென்ஸ்மேல் குற்றம் இல்லை. கண்ணைக் காட்டிப் பாருங்கள்.

நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். என் கண்ணா? ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடித்துச் சோறு தின்கிற கண் இது.

வீட்டில், லிம் ஒன்றும் இல்லை என்கிறார் என்று மட்டும் சொன்னேன். "அவருக்கு என்னா தெரியும். என்னாலதான்லா, தெரியாமப் பண்ணிட்டேன்" என்றார் புனிதன். ஒப்புக்கொண்டாரே என்று இருந்தது.

20 அக்டோபர், தீபாவளி

விளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கும் தெரிகிறதா என்று கேட்கவில்லை.

27 அக்டோபர், திங்கள்

சூப்பர்வைசர் குமுதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நான் நல்லது என்று விட்ட கையுறைகளைத் தண்ணீர் ஊற்றிச் சோதித்திருக்கிறார்கள். ஒழுகியிருக்கின்றன. "திலகாக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா? கொஞ்ச நாள் பேக்கிங்ல இருங்க" என்றாள். அத்தனை பேருக்கு நடுவில் சொல்லாமல் விட்டாளே, அந்த மட்டும் நல்லவள்.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். லோரி நம்பர் பலகை தெரியவில்லை. பலகையே தெரியலை. ஏதோ வெள்ளையா, பால் ஊத்தினாப்ல. கையை எடுத்தேன், எல்லாம் இருக்கு. மறுபடி மூடினேன் — போயிடுச்சு. எத்தனை நாளா இப்படி? வியூஃபைண்டர்ல வைக்கிறது இந்தக் கண்ணுதானே. என் கண்ணைத்தான் இவ்வளவு நாளா துடைக்காம லென்ஸைத் துடைச்சிக்கிட்டு இருந்தேனா?

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

4 நவம்பர், செவ்வாய்

கண்புரை. வலது கண்ணில் முற்றியது, இடது கண்ணில் இப்போதைக்கு இல்லை. இந்த வயதிலா என்று கேட்டேன். இனிப்பு நீர் இருக்கிறதே, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். சின்னப் பெண், ஆனால் கறார். பிப்ரவரியில் ஆபரேஷன். அதற்குள் சர்க்கரை இறங்கவில்லை என்றால் தள்ளிப்போகும் என்றார்.

புனிதனிடம் சொன்னேன். "சரி, பண்ணிக்கலாம்" என்றார். அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு பைக்குள் சாவியைத் தேடினார், சாவி கையில் இருந்தது. பொட்டைப் பற்றி நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

இறக்கிக் காட்டுகிறேன். சீனி இல்லாத தேத்தண்ணீர் இன்றிலிருந்து.

16 நவம்பர், ஞாயிறு

பிப்ரவரி வரைக்கும் குண்டனை வாளியில் போட்டு மூடுவதாக இல்லை. இன்னொரு கண் எதற்கு இருக்கிறது?

இடது கண்ணால் பார்த்தால் மூக்கு கேமராவின் முதுகில் நசுங்குகிறது. மூச்சுப் பட்டுத் திரை வேர்க்கிறது. வலது கண் நானும் நானும் என்று திறந்துகொள்கிறது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கொல்லையில் துணிக்கொடிக் கவ்விகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பழகினேன். முந்நூறுக்கு இழுத்து ஃபோக்கஸ் பண்ணு, பிறகு தள்ளி அகலமாக்கு. பழைய ஜூமில் இது ஒரு வசதி, எவ்வளவு தள்ளினாலும் ஃபோக்கஸ் அதே இடத்தில் நிற்கும்.

புனிதன் வந்து, "கடல்கொள்ளைக்காரி மாதிரி இருக்கே" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வாரம் ஆயிற்று நாங்கள் சேர்ந்து சிரித்து.

14 டிசம்பர்

மழை. கைக்குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி குண்டனைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய், நனைந்து திரும்பி வந்தேன். சர்க்கரை இறங்குகிறது.

11 ஜனவரி 2026, ஞாயிறு

கருடன் பின்னால் ஓடினால் பிடிக்க முடியாது. படகு கட்டும் மரத்தூணில் ஃபோக்கஸ் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அதுவாகத் தூண் பக்கம் வரட்டும். ஒன்று வந்தது. வால் துல்லியம், தலை பனி.

சரண் எட்டிப் பார்த்து, "அக்கா, இது வாலுலா" என்றான். வால்தான். ஆனால் நான் பிடித்த வால்.

3 பிப்ரவரி

சர்க்கரை சரியாக இருக்கிறது. அடுத்த செவ்வாய் ஆபரேஷன்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் வேலை செய்யுமாம். பக்கத்தில் தெளிவாகத் தெரிய வேண்டுமா, தூரத்திலா, மற்றதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்றார் டாக்டர். கையுறை பக்கத்தில் இருக்கிறது. கருடன் தூரத்தில். யோசிக்கவே இல்லை, தூரம் என்றேன். தொழிற்சாலைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகிறேன், என்ன இப்போது.

ஜூம் கிடையாதா என்று கேட்டேன். டாக்டருக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புனிதனுக்குப் புரிந்தது. வெளியே வந்ததும், "உன்கிட்ட உள்ளதிலேயே கனமில்லாத லென்ஸ் இதுதான்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரி வளாகத்தில், எல்லோரும் பார்க்க. அவர் கைதான் சில்லிட்டிருந்தது.

11 பிப்ரவரி

கட்டுப் பிரித்தார்கள். சுவர் இவ்வளவு வெள்ளையா? புனிதனுக்கு மீசையில் இவ்வளவு நரையா? அதிகம் எழுதக் கூடாது.

8 மார்ச், ஞாயிறு

கனம் தூக்க இன்னும் அனுமதி இல்லை. அதனால் குண்டனை அவர் தூக்கிக்கொண்டு வந்தார். முக்காலி இருக்கிறது, ஆனால் பாய்கிற பறவையை அதில் வைத்துத் துரத்த முடியாது. "என் தோள்ல வையேன்" என்றார். எனக்கு முன்னால் ஆற்றைப் பார்த்து நின்றார். துண்டை மடித்து அவர் தோளில் போட்டு, அதன்மேல் குண்டனைச் சாய்த்து, வலது கண்ணை வைத்தேன். எதிர்க்கரைக் கண்டல் இலை இலையாகத் தெரிந்தது.

"ஆடாதீங்க. மூச்ச மெதுவா விடுங்க."

"விடவா வேணாமான்னு சொல்லிடு."

படகு இன்னும் வரவில்லை. அவர் முகம் அந்தப் பக்கம் இருந்ததால் சொல்ல முடிந்தது. "பூஜையன்னிக்கு உங்கள ரொம்பப் பேசிட்டேன். எல்லாம் உங்க பொட்டுனாலன்னு."

"பொட்டு இல்லன்னு எனக்குத் தெரியும்."

"டாக்டர் சொன்னதுக்கப்புறம் எனக்கும்தான் தெரியும்."

"இல்ல. அதுக்கு முன்னயே. பூஜைக்கு மறுவாரம் நீ ஓவர்டைம் போயிருந்தே. மனசு கேக்கல. லென்ஸ எடுத்து மாட்டி, வளையத்தத் திருப்பித் திருப்பி லோரி நம்பர எடுத்துப் பாத்தேன். எல்லா எழுத்தும் பளிச்சுன்னு இருந்துச்சு. அழிச்சிட்டேன்."

வளையத்தில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "அப்ப ஏன் சொல்லல? ஒரு மாசம் திட்டு வாங்கிக்கிட்டு இருந்தீங்களே."

திரும்பவில்லை. தோளில் குண்டன் இருக்கிறானே, திரும்ப முடியாது. "நீ தட்டுக்கு வெளிய சோறு போட ஆரம்பிச்சிருந்தே. பொட்டுன்னா துடைச்சிடலாம். கண்ணுன்னா நான் என்னா பண்றது? பொட்டாவே இருக்கட்டும்னு சாமிகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்."

படகு வந்தது. கோழித்தோல் விழுந்தது. ஒரு கருடன் மேலேயிருந்து நேராக இறங்கியது. திருப்பினேன், வந்தது, வந்தது, அழுத்தினேன்.

"ஆடாதீங்கன்னேன்ல."

"நான் ஆடலலா. நீதான் ஆடுறே."

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோக்கஸ் இலையில் இல்லை, தூணில் இல்லை, கருடனின் மேல்தான் இருக்கிறது. படம் மட்டும் லேசாக ஆடியிருக்கிறது. அழிக்கவில்லை.