நான் முடிக்க விடாத பேச்சு

அன்புள்ள அக்கா,

இன்று மதியம் தேஹு ரோடு ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எனக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு மராட்டிக்கார அம்மாள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் நெற்றியிலிருந்து நீலகிரித் தைல வாசனை வந்தது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் உங்கள் மேலும் இதே வாசனைதான் இருக்கும். நான் பேசாமல் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்ததில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய்விட்டது. தூறலில் திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இவர் டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோதே பேச்சிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். கராடியில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "சாப்டியாம்மா? தபியத் டீக் ஹை நா?" சாப்பாட்டையும் உடம்பையும் விசாரித்தால் அவ்வளவுதான். தமிழில் பேசினால் அவனுக்கு இரண்டாவது வாக்கியத்துக்குமேல் ஓடாது. நம் ஊர்ப் பேச்சைப் பேச எனக்கு இந்த ஊரில் இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

ஆராதனையில் உங்கள் பக்கத்தில் உட்காரவே பயப்படுவேன், ஞாபகம் இருக்கிறதா? போதகர் பரலோகத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருப்பார். நீங்கள் பாட்டுப் புத்தகத்தை வாய்க்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, "எட்டி, அங்கயாவது டேங்கர்காரன் பின்னால கொடத்தத் தூக்கிட்டு ஓடாண்டாம்னு சொன்னாருன்னா, நான் இப்பமே பொட்டியக் கட்டிருவேன்" என்பீர்கள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்தத் தனிப்பாட்டு விஷயம் சிரிப்போடு போகவில்லை. சபையில் புதிதாகச் சேர்ந்திருந்த அந்தத் தங்கச்சி சுருதி விலகி, கண்ணை மூடிக்கொண்டு நீளமாகப் பாடினாள். "ஆண்டவரே எறங்கி வந்து, போதும் தாயின்னுருவாரு" என்று நீங்கள் என் காதில் மட்டும்தான் சொன்னீர்கள். நான்தான் அதைச் சகோதரிகள் கூட்டத்தில் இரண்டு பேரிடம் சொன்னேன். அடுத்த வாரத்துக்குள் அது அவள் காதுக்குப் போய்விட்டது. அவள் கடைசி வரிசைக்கு மாறினாள். பிறகு நம் சபைக்கே வரவில்லை. நாம் இருவரும் அவள் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனபோது, கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது லோக்கல் ரயில் பிம்ப்ரியைத் தாண்டியது. அப்புறம் சொன்னீர்கள்: "எட்டி, வாய் என்னுது, காலு உன்னுது. ரெண்டு பேரும் சேந்துதான் அந்தப் பிள்ளைய மிதிச்சிருக்கோம்."

அந்த லெந்து நோன்புக் காலத்தில்தான் போதகர் வீண் வார்த்தைகளைப் பற்றிப் பேசினார். மனிதர் வீணாய்ப் பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசி நாளில் ஆண்டவரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றார். கணக்கு என்றால் எனக்கு விளையாட்டு இல்லை, உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவள் ஒத்த வசனங்களை ஓரத்தில் காட்டும் ஒத்துவாக்கிய வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாவைப் பற்றிச் சொல்லியிருக்கிற இடங்களையெல்லாம் நானே தேடித் தேடி எழுதினேன். பால் கணக்கும் காஸ் கணக்கும் எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் நாள்தோறும் கோடு போட ஆரம்பித்தேன். ஒரு வீண் பேச்சுக்கு ஒரு கோடு.

"இன்னைக்கு என் பேர்ல எத்தன கோடு?"

"உங்களுக்கு இல்லக்கா, எனக்குத்தான்."

"பேசினது நான்லா?"

"கேட்டுச் சிரிச்சது நான்லா."

"அப்ப நீ சிரிக்காமக் கேளு. நான் நிறுத்தாமப் பேசுதேன்."

கேலி செய்தீர்களே தவிர, அந்தக் கதவு சாத்தப்பட்ட பிறகு நீங்கள் இன்னொருவரை வைத்துச் சிரித்து நான் கேட்கவில்லை. உங்கள் முழங்கால், உங்கள் குக்கர், லோக்கலில் உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போன யாரோ ஒருத்தி என்று எல்லாம் உங்கள் தலையிலேயே முடியும். நீங்கள் திருந்திவிட்டீர்கள் அக்கா. நான் அதைக் கவனிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கோடுதான் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, உங்களைத் தாபோடி வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். பதினொரு நாள் இருந்தீர்கள். பதினொரு நாளும் சமையலை முடித்துவிட்டு லோக்கல் பிடித்து வந்தேன். வந்ததும் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பேன், ஒரு பாட்டுப் பாடுவேன், ஜெபிப்பேன். நடுவில் நீங்கள் ஆரம்பிப்பீர்கள். "எட்டி, இந்தக் கட்டில் போடுத சத்தத்தக் கேட்டியா? நம்ம பாஸ்டரய்யா ஸ்கூட்டர் மாதிரியே இல்ல?"

"அக்கா, இந்த நேரத்துல இதெல்லாம் எதுக்கு? ஜெபிப்போம்."

நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள். ஜெபிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள், "நாளைக்கு வரும்போது அந்த நோட்ட வீட்ல வச்சிட்டு வாயேன்" என்றீர்கள். "நான் எங்கக்கா கொண்டு வந்தேன்? அது வீட்லதான் இருக்கு" என்றேன். நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். "இல்ல. கொண்டுதான் வந்திருக்க."

கடைசி நாள் உங்கள் முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. நான் உட்காருமுன்னேயே என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நேத்து மீன்காரி வந்தா. வாசல்ல நின்னு என்னயப் பாத்துட்டு ஒண்ணு சொன்னா பாரு..." சொல்வதற்கு முன்பே உங்கள் தோள் சிரிப்பில் குலுங்கியது. நான் என் கையை விடுவித்துக்கொண்டு, "வீண் பேச்சு வேண்டாமேக்கா" என்று வேதத்தைத் திறந்தேன். நீங்கள் சிரிப்பை மெல்ல நிறுத்தினீர்கள். "சரி, வாசி" என்றீர்கள். மறுநாள் காலையில் உங்கள் வீட்டு அண்ணாச்சி போன் செய்தார்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து நோட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அந்தப் பதினொரு நாளுக்கும் நேரே ஒரு கோடுகூட இல்லை. கீழே ஆண்டவருக்கு நன்றியாக என் கையெழுத்தில் 'ஸ்தோத்திரம்' என்று எழுதியிருந்தது. அதன்பிறகு நான் கோடு போடவில்லை.

அண்ணாச்சியைப் பார்க்கப் போனபோது அவர் தானாகவே சொன்னார். "நீ வார நேரத்துக்குத் தலையச் சீவச் சொல்லுவாம்மா. இன்னைக்கு உன்கிட்ட என்ன சொல்லிச் சிரிக்க வைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே கெடப்பா. உள்ளுக்குள்ள பயம்லா அவளுக்கு." என்னைக் குற்றப்படுத்திச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்தத் தங்கச்சியை மிதித்ததே, அது வீண் பேச்சு. அதற்குக் கணக்குக் கேட்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன். நாவை இன்றும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நீங்கள் பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தது வேறு. எல்லா ஒத்துவாக்கியங்களையும் தேடிப் படித்தவளுக்கு அது தெரியவில்லை. ஆண்டவரிடம் அழுது சொல்லிவிட்டேன். அவர் மன்னித்திருப்பார். உங்களிடம் கேட்க எனக்கு வழியில்லை.

மீன்காரி என்ன சொன்னாள் என்று அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. தாபோடி பஜாரில் மூன்று நாள் அலைந்து அவளைக் கண்டுபிடித்தேன். என் அரைகுறை மராட்டியில் கேட்டேன். பாங்டா என்கிற அயிலை மீனை நறுக்கிக்கொண்டே யோசித்தாள். "காய் மாஹித், தாயி!" என்று, எனக்கென்ன தெரியும் என்பதுபோலக் கையை விரித்தாள். தினமும் எத்தனையோ வீட்டு வாசலில் எத்தனையோ பேசுகிறாளாம். எதையென்று ஞாபகம் வைப்பாள்? பிறகு கத்தியை நிறுத்தி, "லய் ஹஸ்லீ தீ" என்றாள். ரொம்பச் சிரித்தீர்களாம் நீங்கள்.

தினமும் வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்கிறேன் அக்கா. மீன்காரி ஒண்ணு சொன்னா பாரு என்பதுவரை உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது. அதற்கு மேல் கேட்பது, வேண்டாமேக்கா என்கிற என் குரல்தான்.