துவைத்துக் கொடுத்த சாம்பிள்

நவம்பர் 1979, செவ்வாய்

அரசு ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுக்கும் டெண்டருக்காக இன்று சாம்பிள் கொண்டுபோனேன். எங்கள் தையல் கடைக்கு இதுதான் முதல் டெண்டர். மேஜைமேல் மற்றவர்களின் விரிப்புகள் மில் கஞ்சியோடு மொடமொடவென்று இருந்தன. எங்களுடையது மட்டும் துவண்டு கிடந்தது. அதிகாரி அதை முகர்ந்து பார்த்தார்.

"என்னங்க, புகை வாடை வருது? பழைய துணியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"புதுசுதாங்க. வீட்டுல தெரியாம துவைச்சுட்டாங்க" என்றேன்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கு. வேற கொண்டாங்க" என்றார், நல்ல மனுஷர்.

கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். "யாரு ஒன்ன துவைக்கச் சொன்னா?" என்று கத்தினேன். என் மனைவி ஸ்டெல்லா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்கப்பா அந்த ஆஸ்பத்திரியிலதானே கெடந்தாங்க. கஞ்சித் துணி ஒரசி ஒரசி முதுகெல்லாம் செவந்து போச்சுங்க. அதான் அலசிட்டு, மழையா இருக்கேன்னு அடுப்புக்கு மேல காயப்போட்டேன்."

பையிலிருந்த விரிப்பை எடுத்துத் தடவிப் பார்த்தேன்.

புதிதாக ஒன்று தைத்து, மடித்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். துவைத்ததையும் அதன் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். புதியது அவர்கள் கேட்டதற்காக. மற்றதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லவேண்டும். ஆர்டர் கிடைக்குமோ கிடைக்காதோ, இன்னொன்றையும் அந்த மேஜை முன்னால் நின்றே சொல்லவேண்டும்.

"தெரிஞ்சேதாங்க துவைச்சாங்க."