சோளக்காட்டுக்குப் போன அம்மா

கே.கே. நகர், மதுரை
பிப்ரவரி 18, செவ்வாய்

மதிப்பிற்குரிய முத்திருளன் அண்ணனுக்கு,

மாணவியர் விடுதிக் காப்பாளர் ஆனிமேரி எழுதுவது. உங்கள் வீட்டுக்காரம்மா செல்லத்தாய்க்கு வியாழக்கிழமை ஆபரேஷன் என்று அறிந்தேன். தினமும் ஜெபிக்கிறோம். போனில் பேச வந்தால் "பரீட்சை முடியட்டும் டீச்சர்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் வாட்ச்மேன் தங்கப்பாண்டியிடம் இதை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் படிப்பு. உங்கள் மகள் சுபலட்சுமி அரையாண்டில் இயற்பியலில் எண்பத்தெட்டு. போன வாரத் திருப்புதல் தேர்வில் முப்பத்தொன்று. இரண்டு பக்கம் எழுதிவிட்டு மிச்ச நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாள். தட்டில் போட்ட சோறு அப்படியே திரும்புகிறது. ஒரே பாடத்தை ஒன்பது நாளாகப் படிக்கிறாள். கேட்டால் முதல் வரியே நினைவில் இல்லை. பிளஸ் டூ பயம் என்று நினைத்து நானும் நாலு வார்த்தை திட்டினேன்.

ஞாயிறு மாலை ஜெபத்தில், பெயர் சொல்லாமல், நோயுற்ற ஒரு தாய்க்காக வேண்டச் சொன்னேன். வழக்கமாகப் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்கும் சுபலட்சுமிதான் முதலில் முழங்கால் போட்டாள்.

தனியே அழைத்துக் கேட்டேன். "எங்கம்மாதானே டீச்சர்?" என்றாள். நான் மறுக்கவில்லை. மூன்று ஞாயிறாக அவள் போனில் அம்மா எங்கே என்று கேட்கும்போதெல்லாம், மக்காச்சோளம் ஒடிக்கப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சோளத்தைப் பொங்கல் லீவில் அவளே கூட நின்று ஒடித்து முடித்துவிட்டுத்தான் இங்கே வந்தாளாம். வேறு பொய் கிடைக்கவில்லையா அண்ணே? தெரிந்தும் ஏன் கேட்டுக்கொண்டே இருந்தாய் என்றேன். "கேக்காட்டி எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அப்பா பயந்துருவாரு. அவருக்கு ஏற்கெனவே அம்புட்டுக் கவலை" என்றாள்.

உங்கள் பேச்சுக்குத் தலையாட்டி நானும் மறைத்தேன். அது என் தப்பு, வெட்கமாக இருக்கிறது. உங்கள் மேல் கோபமும் இருக்கிறது. பரீட்சைக்காகத்தான் மறைத்தோம், அந்தப் பரீட்சையும் கையைவிட்டுப் போகிறது. போனால் ஜூனில் துணைத்தேர்வு எழுதிக்கொள்ளலாம். வியாழக்கிழமைக்குத் துணைத்தேர்வு கிடையாது.

அவளை வெளியே அனுப்ப உங்கள் கையெழுத்து வேண்டும். அனுமதிச் சீட்டு இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுத் தங்கப்பாண்டியிடம் கொடுத்தால் நாளை மாலை நாலு மணிக்கு நானே கூட்டி வருகிறேன். டவுன் பஸ்ஸில் மூன்று ஸ்டாப்தான்.

செல்லத்தாயை ஆண்டவர் காக்கட்டும். உங்களுக்கும் தைரியம் தரட்டும்.

வாசலில் உங்களைப் பார்த்ததும் பிள்ளை பழக்கத்தில் அம்மா எங்கே என்றுதான் கேட்பாள். தயவுசெய்து இந்த ஒரு தடவை, கையைப் பிடித்து வார்டுக்குக் கூட்டிப் போங்கள்.

இப்படிக்கு,
ஆனிமேரி