ஈர மணல் லோடு

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். நானும் அம்மாவும் சுகம். போன் போட்டால் உன் பக்கத்தில் யாராவது நிற்கிறார்கள். அதனால் இதை லாரி டிரைவர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் மட்டும் தரச் சொல்லியிருக்கிறேன்.

நான் அனுப்பிய போன லோடை உங்கள் வீட்டோடு ஒட்டிய குடோனில் இறக்கியதும், உன் மாமனார் ஒரு டிரம் நிறைய மணலை அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கால் பங்கு கீழே இறங்கியதை எல்லோருக்கும் காட்டினாராம். உன்னையும் கூப்பிட்டு நிறுத்தி, "உங்கப்பா எங்களுக்குக் குடுத்ததெல்லாம் இப்படித்தான். பார்க்கத்தான் பெருசு" என்றாராம். கொத்தனார்கள் சிரித்தார்களாம்.

லேசாக ஈரம் பட்டால் மணல் உப்பும், நிறையத் தண்ணீர் ஊற்றினால் பழையபடி அமுங்கிவிடும். அது என் சூழ்ச்சி இல்லை, மணலின் குணம். மழைக்காலத்தில் அளவில் கால் பங்கைக் கழித்துக்கொண்டு காசு கொடுக்கட்டும், நியாயம். கோடையில் வறுத்தது போல் காய்ந்து போன மணலிலும் அதே கால் பங்கைக் கழித்தாரே, அது எந்த ஊர்க் கணக்கு? வேறு ஆளாக இருந்தால் லோடைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பேன். பெண்ணைக் கொடுத்தவன், வாயை மூடிக்கொண்டேன். "நட்டத்துக்கு எதுக்கு இந்த வியாபாரம், விட்டுத் தொலைங்க" என்கிறாள் அம்மா. விட்டால் உன் வாசலை மிதிக்க நம் ஆளுக்கு வேறு வழி ஏது? நாங்கள் வந்தால் கூடத்தில் உட்கார வைத்து, உனக்குத் தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று. நன்றாகக் காய்ந்த மணல் அளவில் பொய் சொல்லாது. தண்ணீரில் முங்கிய மணலும் சொல்லாது. அரைகுறை ஈரம்தான் ஏமாற்றும். நீ போனில் "நல்லாத்தான் இருக்கேன்ப்பா" என்கிறாயே, அதைக் கேட்டால் எனக்கு அந்த ஈரம்தான் ஞாபகம் வருகிறது. மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு நிற்கிறாய் என்று டிரைவர் சொன்னார். அது போதும்.

வெள்ளிக்கிழமை காலை அடுத்த லோடு வரும். டிரைவர் தன் வீட்டுக்காரம்மாவையும் கூட்டி வருகிறார். சம்பந்தி டிரம்மைக் கலக்கும்போது வாட்ச்மேன் உட்பட எல்லோர் கண்ணும் அதில்தான் இருக்குமாம், கேட்டை யாரும் பார்ப்பதில்லையாம். எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளட்டும்.

துணிமணி எதுவும் எடுக்காதே கண்ணு. உன் அலமாரி இங்கே அப்படியே இருக்கிறது. லோடு இறக்கியபின் லாரி காலியாகத்தான் திரும்பும்.

உன் அப்பா